36 உளிகள் கொண்ட பெட்டியும் கொல்லர் அடித்த 11 உளிகளும்: நகாசுக் கருவிகள் ஒரு மதிப்பீடு

செப்புத் தகட்டில், சாமி சிலைக்குப் பின்னால் வளைவாக நிற்கும் திருவாசி ஒன்றை ஒன்றரை அடி உயரத்தில் செய்து முடிக்க எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. முதல் இரண்டு மாதங்கள் என் கைக்கு வேலை படியாததால் வீணாயின என்றே எண்ணியிருந்தேன். கருவிதான் சரியில்லை என்று தெரிய மூன்றாவது மாதம் ஆயிற்று. இணையத்தில் வாங்கிய 36 உளிகள் கொண்ட நகாசுப் பெட்டி ஒன்றையும், வேலூரிலிருந்து காட்பாடி போகும் வழியிலுள்ள ஒரு கொல்லர் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய 11 உளிகளையும், ஒரே தகட்டில், தகட்டை அடியில் தாங்கும் ஒரே அரக்கின்மேல் வைத்து வேலை செய்து பார்த்ததை, இத்தொழிலில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று கருதி இங்கே எழுதுகிறேன். நான் பரம்பரையாக உலோக வேலை செய்யும் பத்தர் அல்லன். ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அரமும் இரும்பும் பழகிய கை என்பதால் கருவியைப் பற்றிப் பேசும் துணிவு உண்டு. நகாசைப் பற்றிப் பேச இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

நகாசு வேலையில் தகட்டிலிருந்து எதையும் வெட்டி எடுப்பதில்லை. பின்புறமிருந்து தட்டிப் புடைக்க வைக்கிறோம். பிறகு தகட்டைத் திருப்பி, முன்புறமிருந்து கோடு இறக்கி, புடைப்பின் ஓரங்களைக் கூர்மையாக்கி, பின்னணியை அமுக்குகிறோம். ஆகையால் நகாசு உளி என்பது பெயரளவில்தான் உளி. தச்சரின் உளியும் கல்தச்சரின் உளியும் வெட்டும்; நகாசு உளி தள்ள மட்டுமே வேண்டும், வெட்டிவிட்டால் அந்தத் தகடு போயிற்று. இந்த ஒரு வேறுபாட்டை அந்தப் பெட்டியைத் தயாரித்தவர்கள் அறிந்திருக்கவில்லை, அல்லது அறிந்தும் பொருட்படுத்தவில்லை.

பெட்டியின் விலை 3,480 ரூபாய். திறந்தவுடன் கண்ணைப் பறிக்கும் பொருள் அது. கறுப்புத் துணிப் பையில் வரிசையாகச் செருகப்பட்ட 36 உளிகளும் நிக்கல் பூச்சில் மின்னின. கூடவே ஒரு சுத்தியல், ஒரு சிறிய வார்ப்பிரும்புச் சட்டி, காகிதத்தில் சுற்றிய ஓர் அரக்குக் கட்டி. எண்ணிக்கையைக் கண்டு மகிழ்ந்தவன் நான்தான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிட்டராக இருந்தவன் முதலில் செய்திருக்க வேண்டிய காரியம், ஒவ்வோர் உளியின் வாயையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது. அதைச் செய்யாமல் நேராகத் தகட்டில் இறங்கிவிட்டேன்.

தகடு 24 கேஜ், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். திருவாசியின் உச்சியில் வரும், சிங்க முகம் போன்ற கீர்த்திமுகத்தைப் பின்புறமிருந்து புடைத்தெடுத்து, முன்புறம் திருப்பி, மேலுதட்டின் விளிம்பைக் கோட்டு உளியால் இறக்கிக்கொண்டிருந்தபோது, உதட்டின் ஓரமாக மயிரிழை போல ஒரு வெளிச்சம் தெரிந்தது. முதலில் அதைச் செம்பின் மினுக்கம் என்றே நினைத்தேன். அரக்கிலிருந்து தகட்டைக் கழற்றிச் சன்னலுக்கு எதிரே பிடித்தபோது, மேலுதடு முக்கால் அங்குல நீளத்துக்கு அறுந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அடுத்த முறை மெதுவாகத் தட்டினேன், அப்போதும் அறுந்தது. தகட்டை நன்றாக இளக்கவில்லை போலும் என்று மீண்டும் மீண்டும் சூடு காட்டினேன், அப்போதும் அறுந்தது. இப்படி மூன்று கீர்த்திமுகங்கள் பழைய செம்புக் கடைக்குப் போயின.

அறுந்த தகட்டையும் அந்த உளியையும் எடுத்துக்கொண்டுதான் கொல்லரிடம் போனேன். என் மண்வெட்டிக்குப் பூண் போடுவதற்காகப் பழக்கமான பட்டறை அது. உளியை வாங்கிய அவர் அதன் வாயைத் தம் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து லேசாக இழுத்தார். நகத்தில் வெள்ளையாக ஒரு கீறல் விழுந்தது. “இன்னா சார், இது தகடு வெட்டுற உளி. நகாசுக்கு ஆவாது. நகத்துல வழுக்கிக்கினு போவணும், கீறக் கூடாது” என்றார். இரண்டு மாதங்களாக எனக்குப் பிடிபடாதது அந்த நகக் கீறலில் பிடிபட்டது. கோட்டு உளியின் வாய், தேய்ந்த கரண்டியின் விளிம்பைப் போல மழுங்கி உருண்டிருக்க வேண்டும். அதன் இரு முனைகளும் மேல்நோக்கிச் சற்று வளைந்திருக்க வேண்டும். அப்போதுதான் உளியைப் பின்புறமாகச் சிறிது சாய்த்துப் பிடித்துத் தொடர்ந்து தட்டும்போது, அது தகட்டைவிட்டு எழாமலேயே தானாக முன்னே நகர்ந்து, ஒரே இழையாகக் கோடு விழும். பெட்டியிலிருந்த கோட்டு உளிகள் ஆறும், சாணை பிடித்த கூர்வாயுடனும் கத்தரித்தது போன்ற முனைகளுடனும் இருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் முனை குத்தி நின்று, கோடு புள்ளி புள்ளியாக விழுந்ததற்கும் அதுவே காரணம்.

மீதி உளிகளை அன்று மாலை வீட்டில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பின்னணியை அமுக்கும் தட்டை உளிகளின் முகத்தில் சாணைக்கல்லின் வரிகள் அப்படியே இருந்தன. நகாசில் உளியின் முகம் எப்படியோ தகடும் அப்படியே ஆகும். உளியில் உள்ள ஒரு வரி, ஆயிரம் தட்டுகளில் ஆயிரம் வரிகளாகத் தகட்டில் பதியும், பிறகு எவ்வளவு மெருகிட்டாலும் போகாது. அரத்தை வைத்துப் பார்த்ததில் 14 உளிகளில் அரம் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்கும் தோய்ச்சலை அவற்றுக்குக் கொடுக்கவே இல்லை. இரண்டில் அரம் வழுக்கியது; ஆனால் அந்த இரண்டிலும் சுத்தியல் படும் தலைப்பகுதியும் அதே கடினத்தில் இருந்தது. இது வெறும் குறை மட்டுமன்று, ஆபத்தும்கூட. தலை கடினமாக இருந்தால் அடிபட்டுச் சில்லு தெறிக்கும். கண்ணுக்கு நேராகக் குனிந்து செய்யும் வேலை இது. வாய் கடினமாகவும் தலை மென்மையாகவும் இருக்க வேண்டும் என்பது உளி செய்வதன் அரிச்சுவடி. நிக்கல் பூச்சுக்குச் செலவிட்ட காசில் அதைச் செய்திருக்கலாம்.

இன்னொரு குறை, வேலை செய்து பார்த்தால் மட்டுமே தெரிவது. பெட்டி உளிகள் அனைத்தும் உருண்டைக் கம்பியில் செய்யப்பட்டவை. உளியைக் கட்டைவிரலுக்கும் இரு விரல்களுக்கும் இடையே பிடித்து, மோதிர விரலைத் தகட்டின்மேல் ஊன்றி வேலை செய்கிறோம். உருண்டை உளி வியர்த்த கையில் மெல்லச் சுழன்றுவிடும், கோடு எங்கே திரும்பியது என்று நமக்கே தெரியாது. சதுரக் கம்பியில் செய்த உளி அப்படிச் சுழலாது. வேலூரின் வெயிலில் கை வியர்க்காமல் வேலை செய்யும் மாதம் எது?

கொல்லர் செய்து தந்த உளிகளுக்கு இரும்பு கடையிலிருந்து வரவில்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரை ஒட்டிப் போவதால் லாரிப் பட்டறைகளுக்கு இங்கே குறைவில்லை. அங்கே கழித்துப் போடும் பட்டை ஸ்பிரிங்குகளை எடைக்கு வாங்கி வந்து வைத்திருக்கிறார். அந்த எஃகில் கரி ஏறக்குறைய 0.6 விழுக்காடு இருக்கும். அரத்துக்கும் சவரக் கத்திக்கும் அது போதாது, ஆனால் அடி வாங்க வேண்டிய நகாசு உளிக்கு அந்த அளவே பொருத்தம், ஏனெனில் கடினம் ஓரளவு ஏறும், முறிவும் குறைவு. பட்டையை நீளவாக்கில் கீறி, சிவக்கக் காய்ச்சி, கால் அங்குலச் சதுரமாக அடித்து நீட்டி, நான்கு அங்குலத்துக்கு ஒன்றாகத் துண்டித்தார். நான் அட்டையில் வரைந்து கொடுத்த வாய்களை அரத்தால் ராவி உருக்கொண்டுவரும் வேலையை என்னிடமே விட்டுவிட்டார். அதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. தோய்ச்சல் கொடுக்க நான்காவது நாள் வரச் சொன்னார்.

அந்தத் தோய்ச்சலைப் பார்ப்பதற்காகவே இன்னொரு முறை போகலாம். உலையை நிழலான மூலையில் வைத்திருப்பதற்குக் காரணம் வெயில் பட்டால் இரும்பின் நிறம் கண்ணுக்குத் தெரியாது என்பதே. உளியின் வாய்ப்பக்கம் இரண்டு அங்குலம் செர்ரிப் பழ நிறத்துக்கு வந்ததும், கொறட்டால் எடுத்து, முனை ஓர் அங்குலத்தை மட்டும் பழைய எஞ்சின் எண்ணெயில் செங்குத்தாக இறக்கி, மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்தார். ஒரே மட்டத்தில் நிறுத்தினால் அந்த மட்டத்தில் வெடிப்பு விழும் என்பது அவருடைய எச்சரிக்கை. முனை குளிர்ந்ததும் எடுத்து, உடைந்த சாணைக்கல் துண்டால் அதன் ஒரு பக்கத்தை வெள்ளையாகத் தேய்த்தார். உளியின் நடுப்பகுதியில் தங்கியிருந்த சூடு முனையை நோக்கி மெல்ல இறங்க, தேய்த்த வெள்ளையில் நிறங்கள் ஊர்ந்து வரத் தொடங்கின: முன்னே வைக்கோல் நிறம், அதற்குப் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்டு, லேசாகப் பழுக்கத் தொடங்கிய கணத்தில் முழு உளியையும் எண்ணெயில் போட்டுவிட்டார். ஏறத்தாழ 240 பாகை செல்சியஸ் என்று தொழிற்சாலையில் மீட்டர் பார்த்துச் செய்ததை, அவர் கண்ணால் பார்த்துச் செய்தார். தலைப்பகுதி சிவக்கக் காயாததால் அதற்குத் தோய்ச்சல் ஏறவே இல்லை. ஆகையால் அது மென்மையாகவே நின்றது. 11 உளிகளையும் வீட்டில் அரம் வைத்துச் சோதித்தேன். பத்தில் அரம் பிடித்தும் பிடிக்காமலும் உராய்ந்து போனது. அதுதான் வேண்டிய பதம். ஒன்றில் மட்டும் கூடுதலாக இறங்கியது. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்ததும் காசு வாங்காமல் திரும்பத் தோய்த்துத் தந்தார்.

ஓர் உளிக்கு 90 ரூபாய் வீதம் 990 ரூபாய் ஆயிற்று. விலை குறைவுதான், ஆனால் வாய்களுக்கு மெருகேற்றும் வேலை இதில் சேராது என்பதைச் சொல்லியாக வேண்டும். 220 முதல் 1,200 வரை உப்புத்தாளை வரிசையாக மாற்றித் தேய்த்தபின், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளிலிருந்து கழிவாக வெளியே வரும் தடித்த தோல் துண்டு ஒன்றைப் பலகையில் ஒட்டி, அதில் மெருகுப் பசையைத் தடவி, ஒவ்வொரு வாயும் கண்ணாடி போல ஆகும் வரை இழுத்தேன். ஓர் உளிக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. நாவிதர் கத்தி தீட்டுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த வேலை புதிதாக இராது. மெருகேற்றிய தட்டை உளியால் பின்னணியை அமுக்கியபோது, தகடு அடி பட்ட இடமாகவே தெரியாமல், கையால் தடவி விட்டது போலப் படிந்தது. நான்காவது கீர்த்திமுகத்தின் மேலுதடு ஒரே மூச்சில் இறங்கியது; அறுபடவில்லை.

கொல்லரின் உளிகளில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. சதுரங்கள் ஒன்றுபோல இல்லை; ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, கைக்குப் பழக நாள் ஆகிறது. எண்ணெய் தடவி வைக்காவிட்டால் ஐப்பசி மழையில் ஒரே இரவில் துரு ஏறுகிறது. சிறு சிறு வட்டங்களாகவும் மணிகளாகவும் பதிக்கும் உளிகளை அவரால் செய்ய முடியவில்லை. வாயில் துல்லியமாகக் குழி எடுக்க வேண்டிய வேலை அது, சம்மட்டி பிடித்த கைக்கு வராது. இந்த வகையில் பெட்டிக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட வேண்டும்: அதிலிருந்த மூன்று வட்ட உளிகளும் ஒரு புள்ளி உளியும் நன்றாகவே இருந்தன, அவற்றுக்குத் தோய்ச்சலும் சரியாக இருந்தது. கீர்த்திமுகத்தின் கண்மணியும் திருவாசியின் ஓரத்து மணிச்சரமும் அந்த உளிகளால் பதித்தவையே. 36-இல் நான்கு தேறின என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

சுத்தியலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் உளியைக் குறை சொல்கிறவர்கள்கூடச் சுத்தியலைக் கவனிப்பதில்லை. நகாசுச் சுத்தியலின் முகம் அகலமாக இருப்பதற்குக் காரணம், வேலை செய்பவரின் கண் எப்போதும் உளியின் வாயில்தான் இருக்க வேண்டும், தலையைப் பார்க்கக் கூடாது என்பதே. பார்க்காமல் அடித்தாலும் தவறாமல் விழ அகலம் வேண்டும். கைப்பிடி கழுத்தில் மெலிந்து, பிடியில் உருண்டு பருத்திருப்பதற்குக் காரணம், தோளால் அடிக்காமல், விரல்களின் துள்ளலிலேயே சுத்தியல் எழுந்து விழ வேண்டும் என்பது. பெட்டியோடு வந்த சுத்தியலின் முகம் அகலமாகத்தான் இருந்தது. கைப்பிடியோ ஒரே தடிமனில் கடைந்து, கெட்டியாக வார்னிஷ் அடித்தது. ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலி எடுத்தது. அந்தத் தலையைக் கழற்றி, எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தின் காய்ந்த கொம்பைச் செதுக்கிக் கழுத்தைச் சிறுவிரல் தடிமனுக்கு மெலிய வைத்துப் பூட்டினேன். தலை 110 கிராம். இப்போது மூன்று மணி நேரம் தட்டினாலும் கை சோர்வதில்லை. பெட்டியில் எனக்குப் பிடித்துப்போன பொருள் அந்தச் சுத்தியல் தலை என்றால் சிலர் சிரிக்கக்கூடும்.

அரக்கு வேறு கதை. பட்டறைப் பேச்சில் அரக்கு என்று சொன்னாலும், நாங்கள் பயன்படுத்துவதில் பூச்சி தரும் அரக்கு இல்லை. குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவை அது. அடிபடும் தகட்டைத் தாங்கவும் வேண்டும், உளி இறங்கும் இடத்தில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பெட்டியில் வந்த கட்டி எந்த ஊரின் தட்பவெப்பத்துக்காகச் செய்யப்பட்டதோ தெரியாது. பங்குனி வெயிலிலேயே அது பாகாக இளகி, தகடு சட்டியில் மிதக்கத் தொடங்கியது. கத்திரி வெயிலில் 40 பாகையைத் தாண்டும் ஊரில் ஆண்டு முழுவதும் ஒரே கலவை செல்லாது. கோடையில் செங்கல் தூளைக் கூட்டி எண்ணெயைக் குறைத்தும், மார்கழியில் எண்ணெயைச் சற்று ஏற்றியும் காய்ச்சிக்கொள்கிறேன். விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழ வேண்டும், தட்டினால் உடையக் கூடாது, அளவு அவ்வளவே. காய்ச்சும்போது புகைய விடக் கூடாது, புகைந்தால் கருகி நொறுங்கும். கையில் பட்டால் தோலோடுதான் வரும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.

தகட்டை அரக்கில் ஒட்டியபின் உளியின் பின்பக்கத்தால் அங்கங்கே தட்டிக் கேட்க வேண்டும். கெட்டியாக ஒட்டிய இடத்தில் ஓசை அடங்கி வரும். அடியில் காற்று சிக்கிய இடத்தில் பானையைத் தட்டியது போல ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல உளியை வைத்தாலும் தகடு கிழியும். பெட்டியின் சட்டி ஐந்து அங்குலமே அகலமானது. திருவாசிக்கு அது எம்மாத்திரம்? மரச்சட்டம் அடித்து அதில் அரக்கை ஊற்றிக்கொண்டேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். அரைக்கோளங்கள் புடைக்கக் குழி வெட்டிய சதுரக் கட்டை ஒன்று தனியே வாங்கினேன், நன்றாக இருக்கிறது. பெரிய வளைவுகளுக்குத் தச்சரின் கொட்டாப்புளியே போதும். தகடு அடிபட அடிபட இறுகும். உளி எழும்பிக் குதிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திச் சூடு காட்ட வேண்டும். செம்பை மங்கிய சிவப்புக்குக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டாலும் இளகும், பித்தளையைத் தானாக ஆறவிடுவதே நல்லது. சூட்டில் ஏறும் கறுப்பைப் போக்கப் புளிக்கரைசலில் உப்பு சேர்த்து ஊற வைத்தால் போதும்; அமிலம் வாங்க வேண்டியதில்லை.

நகாசு எப்படி இருக்க வேண்டும் என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள இங்கே தொலைவு போக வேண்டாம். வேலூரை அடுத்த திருமலைக்கோடியில் 2007 ஆகஸ்ட் 24 அன்று குடமுழுக்கு நடந்த ஸ்ரீபுரம் பொற்கோயிலில் மேலே நாம் காண்பது பொன். ஆனால் வடிவம் முழுவதையும் தாங்கி நிற்பது அடியிலுள்ள செப்புத் தகடு. அதன்மேல் ஒன்பது, பத்து அடுக்குகளாகப் பொன்ரேக்கு ஏற்றியிருக்கிறார்கள். ரேக்கு மிக மெல்லியது, செம்பில் ஒரு கீறல் இருந்தாலும் அதை மறைக்காது. வரிசையில் நிற்கும்போது தூண்களின் கொடிக்கோடுகளை அருகிலிருந்து பார்த்தால், உளியின் வாயை ஏன் கண்ணாடியாக மெருகேற்ற வேண்டும் என்பது விளங்கிவிடும். எனக்கு முன்னால் நின்ற அம்மாள், “நகருங்கண்ணா” என்று இரண்டு முறை சொன்னபிறகே நான் நகர்ந்தேன்.

புதிதாகத் தொடங்குகிறவர் 36 உளிகளுக்காகப் பணத்தைப் போட வேண்டாம். கோட்டு உளி இரண்டு, வளைந்த வாய் கோட்டு உளி ஒன்று, தட்டை உளி மூன்று அளவில், உருண்டை முகம் கொண்ட புடைப்பு உளி மூன்று, வட்ட உளி ஒன்று: இந்தப் பத்தோடு ஒரு நல்ல சுத்தியல் இருந்தால் முதல் ஆண்டு முழுவதும் குறையாது. வட்ட உளியை மட்டும் கடையில் சில்லறையாக வாங்கி, மீதியை உங்கள் ஊர்க் கொல்லரிடம் அடித்து வாங்குங்கள். வாயை அட்டையில் வரைந்து கொண்டுபோனால் அவருக்கும் எளிது. பணம் செலவிட்டுப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், கோட்டு உளிகளின் வாயைச் சாணையில் மழுக்கி, தோய்ச்சல் இல்லாதவற்றைத் தோய்க்கக் கொடுத்தால் பாதியையாவது காப்பாற்றலாம். நான் எட்டு உளிகளை அப்படி மீட்டேன். தோய்க்கக் கொடுக்கும் முன் நிக்கல் பூச்சை முழுவதுமாக உரித்துவிடுங்கள். அது இருந்தால் இரும்பில் நிறம் ஊர்வது கொல்லரின் கண்ணுக்குத் தெரியாது. அமாவாசையன்று மட்டும் போக வேண்டாம், உலை மூட்ட மாட்டார்கள்.